திருப்பி அனுப்பிய மூன்று கவர்கள்

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கக் குனிந்தபோதுதான் சுஜா அந்தத் தாளைப் பார்த்தாள். பூட்டுக்கு ஒரு சாண் மேலே, நாலு மூலையிலும் பசை தடவி, கோணாமல் ஒட்டியிருந்தது. டோல்கேட் பக்கம் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் யாரும் கோணாமல் ஒட்டுவதில்லை. கண்ணீர் அஞ்சலிக்கு மேல் சினிமா, சினிமாவுக்கு மேல் மூலம் பவுத்திரம் என்று அப்பிவிட்டுப் போகிற கூட்டம் அது. இவ்வளவு நேராக ஒட்டியிருந்தால் சர்க்கார் காகிதமாகத்தான் இருக்கும்.

குனிந்தபடியே படித்தாள். முதல் எதிர்மனுதாரர் சாலமோன், அவள் மாமனார். இரண்டாம் எதிர்மனுதாரர் சுஜா, அவளேதான்; கடை லைசென்ஸ் அவள் பெயரில் இருக்கிறதே. இருவரும் வழக்கில் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. கட்டட உரிமையாளர் மங்கையிடம் கடையை ஒப்படைக்க, வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கோர்ட் அமீனா நேரில் வருவார். பூட்டியிருந்தால் பூட்டு உடைக்கப்படும்.

கடைசி வரியை மூன்று முறை படித்தாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயர் அச்சில் வந்தது இதுதான் முதல் தடவை. வந்த இடத்தைப் பாருங்கள்.

புத்தியுள்ளவர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே வக்கீலிடம் ஓடியிருப்பார்கள். சுஜாவோ தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். எதிர் டீக்கடையில் யாரும் பார்ப்பதற்குள், மாமனார் வருவதற்குள். தாள் வந்துவிட்டது. கீழ் மூலையில் வட்ட முத்திரை மட்டும் ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வந்தவரைக்கும் எட்டாக மடித்து, நைலான் கயிற்றுக் கட்டுகளுக்கு அடியில் செருகினாள். கை பிசுபிசுத்தது. சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

சாலமோன் ஸ்டோர்ஸ் என்றால் தண்டையார்பேட்டையில் கயிறு, தார்ப்பாய், பிளாஸ்டிக் டிரம் வாங்குகிற லாரிக்காரர்களுக்கும் காசிமேட்டுப் படகுக்காரர்களுக்கும் தெரியும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த சாலமோன், முப்பத்தோரு வருஷத்துக்கு முன் ஏகாம்பரம் என்கிற படகுக்காரரிடம் இந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தார். எழுத்து இல்லை, பத்திரம் இல்லை. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டதோடு சரி. ஏகாம்பரம் போன வருஷம் காலமானார்; கட்டடம் மகள் மங்கைக்கு வந்தது. அதற்கப்புறமும் வாடகை மாதம் தவறாமல் அவர் கணக்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு எதற்குக் கேஸ்?

எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எப்படி என்று தெரியும். அதுதான் அவளை உள்ளே அரித்தது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கையெழுத்துக் கேட்கிற தபால் எதுவும் வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது. சாலமோன் ஊரில் இருந்த காலத்தில் அவருடைய அண்ணனிடமிருந்து ஒரு ரிஜிஸ்தர் கவர் வந்ததாம். கையெழுத்துப் போட்டு வாங்கினாராம். எட்டாம் மாதம் அவர் பங்கான மூன்று ஏக்கர் விளை, பனையும் முருங்கையுமாக, கோர்ட் தீர்ப்போடு அண்ணன் கைக்குப் போய்விட்டதாம். “கையெழுத்துப் போட்டேன், விளை போச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் சென்னைக்கு வந்ததும், கடை வைத்ததும். சுஜா மருமகளாக வந்த மறுவாரமே அவளைக் கூப்பிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “ஏம்மா, தபால்காரன் கையெழுத்து கேட்டான்னா வாங்காத. நாம வாங்கலன்னா அவன் ஒண்ணும் பண்ண முடியாது.”

பதினேழு வருஷமாக அவளும் அதைப் பத்தியமாகக் காத்துவந்தாள். இந்த வருஷம் மட்டும் மூன்று கவர்கள்.

முதலாவது ஆடி மாதம் வந்தது. தடிமனான கவர், விலாசம் கையால் எழுதியது. அனுப்பியவர் யார் என்றுகூட அவள் திருப்பிப் பார்க்கவில்லை. தபால்காரர் ராமதாஸ் காசிமேட்டுக்காரர், அவளைத் தங்கச்சி மாதிரி நடத்துகிற மனிதர். அவர்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாமா இது, உள்ள இன்னா கீதுன்னு கூட பாக்க மாட்டியா? பிரிச்சி பாரு, புடிக்கலன்னா அப்பால கிழிச்சி போடு.”

“வேணாம் அண்ணே. ஆள் இல்லன்னு எழுதிருங்க.”

“நீ எதிர்ல குந்திகினு கீறே, ஆள் இல்லன்னு எப்டிமா எழுதுவேன்? என் வேலைக்கே உலை வெச்சிடுவ போல. வாங்க மறுத்தார்னுதான் எழுதுவேன்.”

“எதையோ எழுதுங்க அண்ணே.”

இரண்டாவது வக்கீல் பெயர் போட்டு வந்தது. மூன்றாவதில் கோர்ட் முத்திரையே இருந்தது. அதைப் பார்த்ததும் பயந்துபோய், தொடாமலே கையை ஆட்டி அனுப்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ராமதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பியதும், தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டு ஒரு டீ சொல்லிக் குடித்தாள்.

புருஷன் ஜெனிஷ் ஊரில் இருந்தான். கோவிலில் அசன விருந்து, சபையார் எல்லோருக்கும் சாப்பாடு, சமையல் பொறுப்பு இவர்கள் குடும்பத்துக்கு. வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். என்னவென்று சொல்வது? உங்கள் அப்பா கடையை நான் கையை ஆட்டியே அனுப்பிவிட்டேன் என்றா?

பத்து மணிக்குச் சாலமோன் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். எழுபத்து நாலு வயது, நெஞ்சில் ஸ்டென்ட். வந்ததும் வழக்கமான நாற்காலியில் உட்காராமல் ஷட்டர் பக்கமே நின்றார். குடை நுனியால் அந்த வட்ட முத்திரையை நெருடினார்.

“இது யாரு ஒட்டுனது?”

“சினிமாக்காரங்க மாமா.”

“இதே பொழப்பாப் போச்சு இவனுங்களுக்கு” என்று உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணில் புரை இருந்தது நல்லதாகப் போயிற்று என்று சுஜா நினைத்தாள். உடனே, எப்பேர்ப்பட்ட நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று பகல் முழுக்க காக்கிச் சட்டை போட்ட எவனைப் பார்த்தாலும் உயிர் போய் வந்தது. கையில் ஃபைலோடு ஒருவன் படியேறினான். இன்ஷூரன்ஸ் விற்க வந்தவன். லாரி கிளீனர் ஒருவன் இருபது மீட்டர் கயிறு கேட்டான், பன்னிரண்டு அளந்து வெட்டிவிட்டாள். “முகம் ஏம்மா இப்படி வெளுத்துக் கிடக்கு?” என்று கேட்டார் சாலமோன். தலைவலி என்றாள். அவர் தன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, தலைவலிக்கு ஒன்று தேடி எடுத்துக் கொடுத்தார். அதை அவர் எதிரிலேயே விழுங்கவும் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை டவுனில் சரக்குப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு, கயிற்றுக் கட்டுக்கு அடியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு மெட்ரோவில் ஏறினாள். அவர்கள் சபையில் பாடகர் குழுவில் பாடுகிற பெனிஷா என்ற பெண் பாரிமுனையில் வக்கீலாக இருந்தாள். வயது முப்பது இருக்கும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேஜை, அதுதான் அவளுடைய ஆபீஸ். கிழிந்த தாளை விரித்துப் பார்த்தாள், வழக்கு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள், முகம் மாறியது.

“அக்கா, மூணு தடவை தபால் அனுப்பியிருக்காங்க. மூணும் ‘வாங்க மறுத்தார்’னு திரும்பியிருக்கு. உங்களுக்கு வந்துச்சா?”

பயத்தில் வாய் முந்திக்கொண்டது. “வரவே இல்ல.”

“நிச்சயமா?”

“சத்தியமா வரல பெனிஷா.”

“அப்ப நாம பிழைச்சோம்” என்று பெனிஷா நிமிர்ந்தாள். விறுவிறுவென்று டைப் அடித்தாள், பிரிண்ட் எடுத்தாள், பேனாவைக் கொடுத்தாள். “படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க. அந்தத் தபால்காரரைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்க. அவர் பதில் சொல்லட்டும்.”

சுஜா படித்தாள். தபால்காரர் எங்களிடம் வராமலேயே, வந்ததாகவும் நாங்கள் மறுத்ததாகவும் பொய்யாக எழுதியுள்ளார். எழுத்துகள் ஆடின. ஊரடங்கு நாளில் தெருவே காலியாகக் கிடந்தபோது, மாமனாரின் இருதய மாத்திரைப் பார்சலை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போன ஆள் ராமதாஸ். என் வேலைக்கே உலை வைத்துவிடுவாய் என்று சிரித்தபடி சொன்னது காதில் கேட்டது. கடை போகிற பயம் ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பயம் அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது. பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

“வந்துச்சு. நான்தான் வாங்கல. மூணையும் நான்தான் திருப்பினேன்.” சொல்லிவிட்டு அழுதாள்.

பெனிஷா திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “அக்கா, வாங்க மறுத்தா வாங்கின மாதிரிதான் கணக்கு. நாம வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு வரலன்னு நினைச்சுக்கலாம், கேஸ் பாட்டுக்கு அங்க நடந்துகிட்டே இருக்கும். தீர்ப்பாகி இருபத்தஞ்சு நாள் ஆச்சு. முப்பது நாளுக்குள்ள ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். ஆனா காரணம் சொல்லணும். ஏன் வாங்கல?”

“பயம்.”

“பயம்னு எழுதினா எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காதுக்கா.”

“வேற என்ன எழுதறது? அதானே நிஜம்.”

பெனிஷா பழையதைக் கிழித்துப் போட்டுப் புதிதாக அடித்தாள். சுஜா கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது; பேங்க்காக இருந்தால் அந்தக் கையெழுத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

புதன்கிழமை காலை கோர்ட் வராந்தாவில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் மங்கை. ஏகாம்பரத்தின் மகள். கடலூருக்குக் கட்டிக்கொடுத்து, புருஷன் இறந்து, அங்கேயே மீன் ஏலம் எடுத்துப் பிழைக்கிறவள். வியாழக்கிழமை கடையை வாங்க முன்னாலேயே சென்னைக்கு வந்திருந்தாள். ஏகாம்பரத்தின் சாவுக்குப் போனபோது சுஜாவின் தோளில் சாய்ந்து அழுதவள்தான். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுஜாவுக்குக் கும்பிடக் கை எழும்பியது, பாதியில் இறக்கிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, தபால்ல என்ன பயம்?”

“கையெழுத்துப் போட்டா கடை போயிடும்னு ஐயா.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. “இப்ப போடாமலே போயிருக்கே” என்றார்.

அவளால் தலை நிமிர முடியவில்லை. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். பெனிஷா எழுந்தாள். திரும்பிப் போன முதல் கவர் பிரிக்கப்படாமலேயே வழக்குக் கட்டில் இருப்பதாகவும், அதில் இருப்பது என்னவென்று தன் கட்சிக்காரருக்கு இன்றுவரை தெரியாது என்றும் சொன்னாள். நீதிபதி தலையசைத்தார். குமாஸ்தா ஒரு ஸ்கேலை விட்டுக் கவரைக் கிழித்தார்.

முத்திரைத்தாளில் அடித்த வாடகை ஒப்பந்தம் இரண்டு பிரதி இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மங்கையின் கையெழுத்து. கூடவே கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நீதிபதி படித்துவிட்டு அதைப் பெனிஷாவிடம் கொடுக்கச் சொன்னார். பெனிஷா சத்தமாகப் படித்தாள்.

“சாலமோன் அண்ணனுக்கு மங்கை எழுதுவது. இங்கு நலம். புதுச் சட்டத்தில் வாடகைக்கு எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அதனால் ஐந்து வருஷத்துக்கு எழுதி நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வாடகை பழைய வாடகைதான். சாலமோன் இருக்கிற வரைக்கும் அந்த இடத்தில் கை வைக்காதே என்று அப்பா போகும்போது சொன்னார். நீங்களும் கையெழுத்துப் போட்டு ஒன்றை எனக்கு அனுப்பவும். சுஜாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.”

சுஜாவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. தன்னைக் கேட்டதாகச் சொல்லி வந்த கடிதத்தைத்தான் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

“அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று நீதிபதி மங்கையைக் கேட்டார்.

மங்கை எழுந்தாள். “இன்னா சொல்றது சாமி. மூஞ்சில அட்ச்ச மாதிரி திரும்பி வந்துச்சு. முப்பது வருசம் இருந்தவங்க கடைய அமுக்கப் பாக்கறாங்க, வாங்க மாட்டாங்க பாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நானு தனிக்கட்டை. நேர்ல வந்து கேக்க பயமாப்பூட்ச்சி. அதான் வக்கீலப் பாத்தேன்.” குரல் உடைந்தது. “அப்பா சொன்ன வார்த்தைய நானா மீறுனேன்? இவுங்கதான் மீற வெச்சாங்க.”

நீதிபதி ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக் காட்டினார். “இப்பவும் இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதமா?”

மங்கை சுஜாவைப் பார்த்தாள். அன்றைக்கு முதன்முறையாகப் பார்த்தாள்.

“பெரியவரு கையெழுத்து போடட்டும். போட்டா சம்மதம். இல்லாங்காட்டி நாளைக்கு அமீனா வரட்டும்.”

மறுநாள் காலை பத்தரைக்குள் சாலமோன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால் தீர்ப்பு ரத்து. இல்லையென்றால் அமீனா பதினோரு மணிக்குக் கடைக்குப் போவார். உத்தரவு அவ்வளவுதான். வெளியே வந்ததும் பெனிஷா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “கண்டம் தாண்டியாச்சுக்கா!” சுஜா, கோர்ட்டில் கொடுத்த கவரைப் பைக்குள் வைத்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷத்துக்கு மேலாக எந்தக் காகிதத்திலும் பேனா வைக்காத மனிதர் அவர். பேங்க்கில்கூட எல்லாம் ஜெனிஷ் பெயரில்தான். போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்கக் கையெழுத்துக் கேட்டபோது, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டவர். மகன்தான் போட்டான்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. சாலமோன் நாற்காலியில் உட்கார்ந்து, விற்காத தார்ப்பாய் ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். சுஜா அவர் எதிரே டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று கவர்கள், ஷட்டரில் தாள், சினிமாக்காரர்கள் என்ற பொய், கோர்ட், மங்கை. சொல்லச் சொல்ல அவர் கை நெஞ்சுப் பக்கம் போனது. ஐயோ, இதற்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று பாதியில் நிறுத்தினாள்.

“சொல்லு” என்றார்.

சொல்லி முடித்து, ஒப்பந்தத்தையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தாள். பேனாவை அவர் பார்க்கவே இல்லை. “இதுல போட்டா இதுவும் போயிரும்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தை இருட்டைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். அப்போதுதான் சுஜாவுக்குப் புரிந்தது, பதினேழு வருஷமாகத் தான் கட்டளை என்று நினைத்துப் பயந்தது அவருடைய பயத்துக்குத்தான் என்று.

“போடலைன்னாதான் போகும் மாமா. நாளைக்குப் பதினோரு மணிக்கு.”

“அவ என்ன எழுதியிருக்கா? முழுசா வாசி.”

வாசித்தாள். ஒப்பந்தம் நாலு பக்கத்தையும், பிறகு மங்கையின் கடிதத்தையும். “சாலமோன் இருக்கிற வரைக்கும்” என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பேருந்துச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னார்.

கயிறு கேட்டு வந்த ஒருவனைச் சுஜா கையைக் காட்டி அனுப்பினாள்.

“அண்ணன் அனுப்புன கவர நான் பிரிக்கல” என்றார் சாலமோன்.

“என்ன மாமா?”

“கையெழுத்துப் போட்டு வாங்குனேன், நெசந்தான். பிரிக்கல. உள்ள என்ன எழுதியிருப்பானோன்னு பயம். பைபிளுக்கு அடியில வச்சேன். எட்டு மாசம் தினமும் அதுக்கு மேலயே பைபிள வச்சு ஜெபம் பண்ணுனேன். விளை போன அன்னைக்கு அடுப்புல போட்டேன். அப்பவும் பிரிக்கல.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்கத்தைக்குக்கூடத் தெரியாது. கையெழுத்துப் போட்டதுதான் தப்புன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்.”

சுஜாவுக்கு அவர்மேல் ஆத்திரம் வரவேண்டும். வந்தது. கூடவே, மூன்றாவது கவர் போன அன்று தான் சொல்லிக் குடித்த டீயும் ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினாள்.

“எங்கன போடணும்?”

விரலை வைத்துக் காட்டினாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவதுபோல எழுதினார். சாலமோன் என்று முழுப்பெயராக எழுதினார். எட்டுப் பக்கத்துக்கும் எட்டு முறை. ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்ததும் நிமிர்ந்து கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனார். வேர்த்து ஊற்றியது. சுஜா விசிறினாள்.

கடைசிப் பக்கம் முடிந்தது. பேனாவை மூடி அவளிடம் கொடுத்தார். அவள் பிரதிகளை அடுக்கி, கோர்ட்டிலிருந்து கொண்டுவந்த அதே கிழிந்த கவரில் போட்டாள். நாளைக்குப் பத்தரைக்குள் இது கோர்ட்டில் இருக்க வேண்டும். மெட்ரோ நின்றுவிட்டால், பெனிஷா வராமல் போனால், மங்கை மனம் மாறிவிட்டால் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஏம்மா” என்றார் சாலமோன்.

“என்ன மாமா?”

“அண்ணன் அதுல என்ன எழுதியிருப்பான்?”

சுஜா டிரம்மை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்தார்.